பற்றரியை மாற்றுவதா, காரை மாற்றுவதா?



வல்லைவெளியை அறியாதவர்கள் வடமராட்சியில் இருக்கமாட்டார்கள். ஒதுங்குவதற்கு ஒரு மரநிழல்கூடக் கிடைக்காத அந்த வெட்டவெளியில் கடந்த ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் எங்கள் மின்கார் நின்றுவிட்டது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இரத்தச் சுத்திகரிப்பை முடித்துக்கொண்டு களைத்துப்போயிருந்த அம்மா பின் ஆசனத்தில் சாய்ந்திருந்தார். முகப்பில் சிறியதோர் ஆமையின் படம் ஒளிர்ந்தது. சற்றுத் தூரம் ஆமைபோலவே ஊர்ந்த கார், பின்னர் அசையவில்லை. அவ்வழியால் வந்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர்தான் அம்மாவை வீடுவரை கொண்டுவந்து சேர்த்தார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் எழுந்த கேள்வியே இக்கட்டுரையின் தலைப்பு. பத்து ஆண்டுகளைக் கடந்த மின்கார் வைத்திருக்கும் பல குடும்பங்களில் இதே கேள்வி இன்று எழுகின்றது.

2014, 2015ஆம் ஆண்டுகளில் மின்கார்களுக்கான இறக்குமதி வரி குறைவாக இருந்தது. ஜப்பானில் ஓடிய மின்கார்கள் அப்போது இலங்கைக்குப் பெருமளவில் வந்தன. நாமும் அவ்வாறே ஒன்றை லீசிங்கில் வாங்கினோம். 2022இல் எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களில், அந்தக் கார்தான் அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோதும், மின்சாரம் வரும் வேளை பார்த்து சார்ஜ் செய்து சமாளித்தோம். அப்படி உழைத்த வாகனத்தைக் கைவிட மனம் வரவில்லை. ஆனால் நன்றியுணர்வை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளியை வீதியில் கொண்டுசெல்ல முடியாதல்லவா?

மறுநாள் கராஜில் காரைப் பரிசோதித்த தம்பி எங்களிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "அண்ணை, கோடு எத்தனை எண்டு பிறகு பாப்பம். நீங்கள் கட்டாயம் போகவேண்டிய தூரம் எவ்வளவு எண்டு முதல்ல சொல்லுங்கோ." அந்தக் கேள்வி எங்கள் சிந்தனையைச் சரியான திசையில் திருப்பியது.

முதலில் தூரத்தை அளப்போம்

காரின் பற்றரி புதிதாக இருந்தபோது எவ்வளவு ஓடியது என்பது இப்போது முக்கியமல்ல. தவிர்க்கமுடியாத பயணங்களில் மிக நீண்டது எது என்பதே முக்கியம். எங்களுக்கு அது பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் சென்று திரும்புவது. ஏறத்தாழ 66 கிலோமீற்றர். குளிரூட்டி, இரவு விளக்கு, மழை, மாற்றுப்பாதை என்பவற்றுக்காக அதன் அரைவாசியை மேலதிகமாகச் சேர்த்தால், 100 கிலோமீற்றர் நம்பிக்கையோடு ஓடும் கார் எங்களுக்குப் போதுமானது.

இங்கே பலர் தவறிவிடுகின்றார்கள். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகவேண்டும், அது நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், ஆகவே பெரிய பற்றரி வேண்டும் என்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை செல்லும் பயணத்துக்கு வான் பிடிக்கலாம், பேருந்திலும் போகலாம். அந்த ஒரு நாளுக்காக மற்ற 364 நாட்களும் கடன் கட்டவேண்டியதில்லை.

பற்றரி ஏன் சோர்கின்றது?

கைத்தொலைபேசியில் இருப்பதுபோன்ற லித்தியம் பற்றரியே மின்காரிலும் உள்ளது. ஓடிய தூரம் மட்டும் அதனை முதுமையடையச் செய்வதில்லை. காலம், வெப்பம், எப்போதும் நிறையச் சார்ஜ் செய்து வைத்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதன் கொள்ளளவைக் குறைக்கின்றன.

நம் நாட்டில் அதிகமாகக் காணப்படும் மின்காரான நிசான் லீஃபை உதாரணமாகக் கொள்வோம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அதன் முதல் வடிவத்தில் 24 கிலோவாற்று மணிப் பற்றரி இருந்தது. அதைத் திரவத்தால் குளிர்விக்கும் வசதி இல்லை. எனவே வெப்பம் மிகுந்த இடங்களில் அது விரைவாகச் சோர்ந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2012இல் இதுபற்றி முறைப்பாடுகள் எழுந்தன. அதன்பின் அந்நிறுவனம், 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கொள்ளளவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக உத்தரவாதம் வழங்கியது. வெயில் நிறைந்த நம் பகுதிக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

உண்மை நிலையை எப்படி அறிவது?

லீஃபின் முகப்பில் கொள்ளளவைக் காட்டும் 12 சிறு கோடுகள் உள்ளன. கொள்ளளவு ஏறத்தாழ 15 வீதம் குறைந்த பிறகே முதற்கோடு மறையும். அதன்பின் ஒவ்வொரு 6 வீதத்துக்கும் ஒரு கோடு மறையும். ஆகவே 8 கோடுகள் எஞ்சியிருந்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகப் போய்விட்டது என்று பொருள். கோடுகளை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கணினி நினைவை அழித்து 12 கோடுகளையும் தோன்றச்செய்து விற்பவர்கள் உண்டு. சில வாரங்கள் ஓடியபின் கோடுகள் மீண்டும் மறையத் தொடங்கும்.

காரின் பரிசோதனைத் துளையில் சிறு கருவியொன்றைச் செருகி, கைத்தொலைபேசிச் செயலி மூலம் வாசிப்பதே நம்பகமான வழி. முழுப் பற்றரியின் ஆரோக்கியம் எத்தனை வீதம் என்பதையும், ஒவ்வொரு கலச் சோடியின் வோல்ற்றளவையும் அது காட்டும். 24 கிலோவாற்று மணிப் பற்றரியில் 192 கலங்கள், நான்கு நான்காக 48 பெட்டிகளில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒரு சோடி மட்டும் பலவீனமானால், மற்றவை நலமாக இருந்தாலும் கார் நின்றுவிடும். பலரின் தோளில் செல்லும் பாரத்தை ஒருவர் தளர்ந்தால் எல்லோரும் இறக்கிவைக்கவேண்டியதுபோலத்தான்.

எங்கள் காருக்கும் இதுவே நடந்திருந்தது. பற்றரி முதுமையடைந்திருந்தது உண்மை. ஆனால் 60 கிலோமீற்றர்கூட ஓடாமல் நின்றதற்குப் பலவீனமான ஒரு பெட்டியே காரணம். பழுதுபார்ப்பவர் அதைமட்டும் மாற்றியபோது கார் மீண்டும் 70 கிலோமீற்றரைத் தாண்டியது. சில வேளைகளில் குற்றம் பெரிய பற்றரியில் இருப்பதுமில்லை. சாதாரண 12 வோல்ற்றுப் பற்றரி சோர்ந்தாலும் மின்காரில் பல எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஆகவே முழுப் பரிசோதனை முடியுமுன் எவரும் பற்றரிக்குப் பணம் கட்டவேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்பற்றரியின் மின்னழுத்தம் 350 வோல்ற்றுக்கு மேற்பட்டது. பயிற்சியும் பாதுகாப்புக் கையுறையும் இல்லாதவர்கள் அதைத் திறப்பது உயிராபத்தை விளைவிக்கும்.

எவ்வகைப் பற்றரி?

மாற்றத்தான் வேண்டும் என்றால் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, புதிய பற்றரி. 2014இல் அமெரிக்காவில் லீஃபின் புதிய பற்றரி, பழையதை ஒப்படைத்தால் 5,499 டொலர் என விலையிடப்பட்டது. இரண்டாவது, புதுப்பித்த பற்றரி. ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்து நமியே நகரில் 2018இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையில் பழைய பெட்டிகளைப் பரிசோதித்து, நல்லவற்றைச் சேர்த்து உருவாக்கிய பற்றரிகள் அந்நாட்டில் 3 இலட்சம் யென்னுக்கு விற்கப்பட்டன. மூன்றாவது, விபத்துக்குள்ளான பிந்திய ஆண்டுக் காரிலிருந்து கழற்றிய பற்றரி. நம் நாட்டில் பெரும்பாலும் இதுவே பேசப்படுகிறது.

மூன்றாவது வழியில் கொள்ளளவையும் கூட்டலாம். 2017இல் வந்த 40 கிலோவாற்று மணிப் பற்றரி பழைய லீஃபிலும் பொருந்தும். எடையும் ஏறத்தாழ அதேதான். ஆனால் பழைய காரின் கணினிக்கும் புதிய பற்றரிக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் போன்ற ஒரு மின்னணுக் கருவி தேவை. பொருத்துபவரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கழற்றுமுன் பற்றரியின் ஆரோக்கியம் என்ன? எத்தனை மாத உத்தரவாதம், எழுத்தில் தருவீர்களா? பழுதானால் யார் திருத்துவார்? காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவித்துவிடவேண்டும்.

உலகச் சந்தையில் பற்றரி விலை வெகுவாக இறங்கியுள்ளது. 2010இல் ஒரு கிலோவாற்று மணிக்கு ஆயிரம் டொலருக்கு மேல் இருந்தது. 2024இல் சராசரி 115 டொலரளவில் வந்துள்ளது. ஆனால் அது தொழிற்சாலைகள் மொத்தமாக வாங்கும் விலை. ஒற்றைப் பற்றரியைக் கப்பலில் கொண்டுவந்து, வரி கட்டி, கூலி கொடுத்துப் பொருத்தும்போது செலவு பலமடங்காகும்.

காரை எப்போது மாற்றுவது?

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அதுவரை பழைய காரைத் திருத்துவதைத் தவிர வேறுவழி குறைவு. இப்போது தெரிவு இருக்கின்றது; எனவே குழப்பமும் இருக்கின்றது.

காரின் அடிப்பகுதியைத் தூக்கிப் பாருங்கள். கடற்கரையோரம் வாழும் நமக்கு உப்புக்காற்றே பெரிய எதிரி. சட்டகத்தில் துரு ஏறியிருந்தால், நல்ல பற்றரியைப் போடுவது இடிந்த வீட்டுக்குப் புதுக்கதவு வைப்பதற்கு ஒப்பானது. நாளாந்தம் நூற்றைம்பது, இருநூறு கிலோமீற்றர் ஓடவேண்டியவர்களுக்கும், விபத்தில் உயிர்காக்கும் நவீன வசதிகள் தேவைப்படுபவர்களுக்கும் காரை மாற்றுவதே பொருத்தம். பல புதிய மின்கார்களில் பற்றரியைத் திரவத்தால் குளிர்விக்கும் வசதி இருப்பதால் அவை வெப்பத்தை நன்கு தாங்குகின்றன.

இரண்டையும் ஒப்பிட எளிய வழி ஆண்டுக்கணக்கு. உதாரணத்துக்கு, பற்றரி 15 இலட்சம் ரூபா என்றும் அது 6 ஆண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு இரண்டரை இலட்சம். பழைய காரை விற்று, மேலும் 50 இலட்சம் போட்டு 10 ஆண்டு உழைக்கும் காரை வாங்கினால் ஆண்டுக்கு 5 இலட்சம். லீசிங் வட்டி வேறு. உங்கள் கராஜ் தரும் விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். கார் விற்பனை விலையின் பாதிக்கு மேல் பற்றரிக்குச் செலவாகுமானால், இருமுறை யோசியுங்கள்.

நாங்கள் என்ன செய்தோம்?

உடனடியாக எதையும் வாங்கவில்லை. இரத்தச் சுத்திகரிப்புக்கு நான்கு மணி நேரம் எடுக்கும். அந்நேரம் முழுவதும் கார் வைத்தியசாலை அருகே சும்மா நின்றது! யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தி வீட்டுச் சாதாரணச் சொருகியில் நான்கு மணி நேரம் சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 9 கிலோவாற்று மணி கிடைக்கும். 45 கிலோமீற்றருக்காவது அது போதும். அம்மா நிம்மதியாக வீடு திரும்பினார். கடன்படாமல் சேமிக்க எங்களுக்கும் சில மாதங்கள் கிடைத்தன.

அடிப்பகுதியில் துரு இல்லை என்று உறுதியானபின், பிந்திய ஆண்டுக் காரொன்றின் பற்றரியை எழுத்து உத்தரவாதத்தோடு பொருத்தினோம். "எனக்காகக் கடன்படவேண்டாம் பிள்ளையள்" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அது ஆறுதலாயிற்று. இப்போது நூறு கிலோமீற்றரைத் தயக்கமின்றி ஓடுகிறோம்.

பழைய பற்றரியையும் நாம் எறிந்துவிடவில்லை. காருக்குப் போதாத பற்றரி, வீட்டுச் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கப் போதுமானதாக இருக்கலாம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஒரு பெரிய விளையாட்டரங்கில் 2018 முதல் 148 லீஃப் பற்றரிகளுக்குச் சமமான தொகுதி மின்சாரத்தைச் சேமித்து வருகின்றது. அதில் பழையனவும் உண்டு. குப்பைமேட்டில் போட்டால் அதே பற்றரி தீக்கும் நச்சுக்கும் காரணமாகும். எனவே பொருத்துபவரிடமோ, தேர்ந்த மின்னியலாளரிடமோ அதனை ஒப்படைப்பது நம் கடமை.

அயலவர் புதுக்கார் எடுத்துவிட்டார் என்பதற்காக நாமும் எடுக்கவேண்டியதில்லை. பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நம்மை நம்பி ஏறியிருப்பவரை வெளியில் நிற்கவைக்கவும் வேண்டாம். யாரை, எவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்பதை வீட்டாரோடு அமர்ந்து சிந்திப்போம். அதன்பின் விலையைக் கேட்போம்.