கூடிக் கற்போம் லினக்ஸ்

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். விலையின்றிக் கிடைத்தும் பலர் அதைத் தொடத் தயங்குவதேன்? நிறுவும்போது தடுமாறினால் கேட்க அருகில் ஆளில்லை என்பதே காரணம்.

அக்குறையைத் தீர்க்கவே ஊர்தோறும் பயனர் குழுக்கள் தோன்றின. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் அவை அமைந்தன. தெரிந்தவர், புதியவரின் கணிப்பொறியிலேயே நிறுவிக் காட்டுவார், கட்டணம் இல்லை. இன்று ஐயம் கேட்டவர் நாளை பிறர்க்குச் சொல்லித் தருவார்.

நண்பர்களே! களவாகப் படியெடுத்த மென்பொருளில் பொத்தானை அழுத்த மட்டுமே பழகுகிறோம். உள்ளே நடப்பதை அறிவதில்லை. நம் கல்லூரியில் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடினால், அதையும் கற்கலாம். மென்பொருளைத் தமிழில் பேசவும் வைக்கலாம். தொடங்குவோமா?