"பையைத் திறந்து காட்டுங்க" என்றால்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் நம்மூர்க் கடைவாசல்களில் ஓயாமல் நடக்கிற ஒரு காரியம் இது. பில் போட்டு, பணம் கட்டி, இரண்டு கையிலும் பையோடு வெளியே வருகிறீர்கள். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் குறுக்கே கை நீட்டி, "மேடம், பையைத் திறந்து காட்டுங்க" என்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது, பிள்ளை புடவையைப் பிடித்து இழுக்கிறது. திறந்து காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மறுத்தால் என்ன ஆகும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மறுக்கலாம் என்பதே தெரியாதவர்கள் அதைவிட அதிகம்.

முதலில் அந்த யூனிஃபார்மைப் பற்றிப் பேசிவிடலாம், பயமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. கடைகளுக்கு ஆள் அனுப்புகிற செக்யூரிட்டி நிறுவனங்களுக்கென்று 2005இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது: தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம். நிறுவனம் உரிமம் வாங்க வேண்டும், காவலருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், புகைப்பட அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. போலீஸ், ராணுவ உடை என்று நினைக்கும்படியான உடையைப் போட்டுக்கொண்டால் தண்டனை என்றும் சொல்கிறது. ஆனால் உங்களைச் சோதனை போட அந்தச் சட்டத்தில் எந்த அதிகாரமும் அவருக்குத் தரப்படவில்லை. வாசலில் நிற்கிற அவருக்கும், அவர் முன்னால் பையோடு நிற்கிற உங்களுக்கும் சட்டத்தில் இருக்கிற அதிகாரம் ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

உள்ளே நுழையும்போது நடக்கிற சோதனை வேறு வகை. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு மால்கள், பெரிய கடைகள், தியேட்டர்கள் என்று எல்லா வாசலிலும் மெட்டல் டிடெக்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. கடை தனியார் இடம். "பையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம்" என்று நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை உண்டு. சம்மதமில்லை என்றால் திரும்பிப் போக உங்களுக்கும் உரிமை உண்டு. மறுத்தவரை உள்ளே விடாமலிருப்பதோடு அவர்கள் உரிமை முடிந்தது. விமான நிலையத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே சோதிப்பவர்கள் அரசுப் படையினர், அதற்கான சட்டமும் விதிகளும் தனி.

பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற கடைகளும் உண்டு. "பொருட்கள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று மேலே ஒரு போர்டு தொங்கும். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், அடுத்தவர் பொருளைத் தன் வசம் வாங்கி வைத்துக்கொள்பவர், அக்கறையுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல அதைக் காக்க வேண்டும் என்கிறது. ஒரு போர்டை மாட்டிவிட்டதாலேயே அந்தப் பொறுப்பு தட்டிப்போய்விடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் நகை, பணம், போன் மூன்றையும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கில் ஜெயித்தாலும் தாலிச் சங்கிலி திரும்பி வராது.

இனி வெளியே வரும்போது. பில்லைக் கேட்கிறார், பையில் உள்ளதை எண்ணுகிறார், பில்லில் சீல் குத்துகிறார் அல்லது ஓரத்தைக் கிழிக்கிறார். இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பில்லைக் காட்டி இரண்டாவது தடவை பொருள் எடுத்துப் போகாமல் இருக்கத்தான் அந்த சீல். எண்ணிப் பார்ப்பது பெரும்பாலும் உங்களைவிட பில் கவுன்ட்டரைக் கண்காணிப்பதற்காக: தெரிந்தவர் வந்தால் பத்துப் பொருளில் ஏழு பொருளை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புகிற ஊழியர்களால் கடைகளுக்கு ஏற்படுகிற நஷ்டம் நிஜமானது. அதனால் கடையின் பையையும் பில்லையும் காட்டச் சொன்னால் நான் தயங்காமல் காட்டுவேன், நீங்களும் காட்டுங்கள் என்பேன். இரண்டு நிமிட ஒத்துழைப்பு. ஆனாலும் அது ஒத்துழைப்பு மட்டுமே. பணம் கட்டிய பிறகு அந்தப் பொருள் உங்களுடையது.

உங்கள் சொந்த ஹேண்ட்பேக் விஷயம் அப்படியல்ல. அதில் மாத்திரை அட்டை இருக்கும், நாப்கின் இருக்கும், வங்கிப் புத்தகம் இருக்கும், யாரோ எழுதிய கடிதம் இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி அவர் கேட்கலாம். கேட்பதற்குத் தடையில்லை. திறப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். "வாசலில் போர்டு வைத்திருக்கிறோமே, சோதனைக்கு உட்பட்டது என்று" என்பார்கள். அதைப் படித்துவிட்டு நீங்கள் உள்ளே வந்திருந்தாலும், இப்போது வேண்டாம் என்று சொன்ன பிறகு பையைப் பிடுங்கவோ உங்கள் மேல் கை வைக்கவோ அந்தப் போர்டு யாருக்கும் உரிமம் தராது. இனிமேல் எங்கள் கடைக்கு வராதீர்கள் என்று அவர்கள் சொல்லலாம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் திருடனையும் கைகட்டி வழியனுப்ப வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடைக்காரரின் பொருளும் ஒருவருடைய உழைப்புதான். சட்டம் அவரைக் கைவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 40ஆவது பிரிவு, போலீஸ் அல்லாத சாதாரண மனிதரும் ஒருவரைப் பிடித்து வைக்கலாம் என்கிறது. ஆனால் குற்றம் அவர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். அது ஜாமீனில் விட முடியாத, வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய வகைக் குற்றமாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையில்லாமல் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த 6 மணி நேரக் கெடு பழைய சட்டத்தில் இல்லை, புதிதாகச் சேர்ந்தது.

"முன்னிலையில்" என்ற நிபந்தனைதான் இங்கே உயிர்நாடி. பட்டுப்புடவையைச் சுருட்டிப் பைக்குள் திணித்ததைக் காவலர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்றால் ஒரு கதை. "நடமாட்டம் சரியில்லை", "ரொம்ப நேரமா சுத்திக்கிட்டிருந்தாங்க", "ஆளைப் பார்த்தாலே தெரியுது" என்பதெல்லாம் வேறு கதை. சந்தேகம் மட்டும் இருந்தால் அவர் செய்யக்கூடியது போலீசைக் கூப்பிடுவது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நியாயமான சந்தேகம் இருந்தால் கடைக்காரர் சிறிது நேரம் நிறுத்தி விசாரிக்கலாம் என்று தனிச் சலுகையே உண்டு. அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறவர்கள் கவுன்ட்டருக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நம் நாட்டில் கடைகளுக்கென்று அப்படியொரு தனிச்சட்டம் கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவைதான். அந்த வகைத் திருட்டு ஜாமீனில் விடக்கூடியது. வாரன்ட் இல்லாமல் போலீசே கைது செய்ய முடியாதது. சோப்பு, ஷாம்பு அளவிலான திருட்டுக்கு 40ஆவது பிரிவைக் காட்டி ஒருவரைப் பிடித்து வைத்தது சரியா என்ற கேள்வி இதனால் எழும். கடையைப் பொருள் பாதுகாக்கும் கட்டடமாகக் கொண்டு கடுமையான வேறு பிரிவில் வழக்குப் போடவும் இடமுண்டு என்பதால், இதை நம்பி யாரும் தைரியம் கொள்ள வேண்டாம். கடைக்காரர்கள்தான் இதைத் தெரிந்துகொண்டு நிதானிக்க வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. கண்ணால் பார்த்து, சட்டப்படியே பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது உடலையும் பையையும் சோதனை போடலாமா? நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49ஆவது பிரிவு, தனிநபர் ஒருவரைப் பிடித்தால், அவரை எந்தப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்கிறாரோ அந்த அதிகாரி சோதனையிடலாம் என்கிறது. பிடித்த கைக்குச் சோதனை போடும் உரிமையைச் சட்டம் கொடுக்கவில்லை, போலீசுக்குத்தான் வைத்திருக்கிறது. பெண்ணைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான், முழுக் கண்ணியத்தோடு, சோதிக்க வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. போலீசுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, கடையின் பின்னறையில் "ஒரு நிமிஷம் உள்ள வாங்கம்மா" என்று கூட்டிப் போய்த் துணியை உதறச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆண் காவலர் ஒரு பெண்ணின் மேல் கை வைத்தால் அது மானபங்கம் செய்யும் குற்றமாகவே போய் நிற்கலாம்.

வாசலில் அலாரம் அடித்தாலும் அது திருட்டுக்குச் சாட்சியாகாது. துணியில் மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் டேக் அல்லது பெட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், வாசலில் இருக்கிற இரண்டு தூண்களுக்கு நடுவே கடக்கும்போது ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் பதில் கொடுக்கிறது. தூணுக்குத் தெரிந்தது அவ்வளவே. பில் போட்டவர் டேக்கைக் கழற்ற மறந்தாலும், ஸ்டிக்கரைச் செயலிழக்கச் செய்யாமல் விட்டாலும் அடிக்கும். போன வாரம் வேறு கடையில் வாங்கிய பொருளில் ஒட்டியே இருக்கிற ஸ்டிக்கருக்கும் சில நேரம் அடிக்கும். அப்படி அடித்தால் ஓடாதீர்கள், கூசிப்போய் நிற்கவும் வேண்டாம். திரும்பி வந்து, பில்லை எடுத்து, "எந்தப் பொருளுக்கு அடிக்குதுன்னு ஒவ்வொண்ணா காட்டிப் பாருங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கவுன்ட்டர் தவறுதான் வெளியே வரும்.

போக விடாமல் வழியை மறித்தால் அது நியாய சன்ஹிதாவின் 126ஆவது பிரிவில் குற்றம்: ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அறைக்குள் அடைத்து வைத்தால் 127ஆவது பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. கதவைப் பூட்ட வேண்டும் என்றுகூட இல்லை. எந்தப் பக்கமும் போக முடியாதபடி நாலு பேர் சூழ்ந்து நின்றாலும் அடைத்து வைத்ததுதான்.

சில கடைகளில் "திருடினால் 10 மடங்கு அபராதம்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அபராதம் போட நீதிமன்றம் இருக்கிறது, கடைக்கு அந்த வேலை இல்லை. போலீசில் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்கினால் அது மிரட்டிப் பறித்தல் என்ற குற்றத்தில் போய் முடியலாம். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது, படம் எடுத்துச் சுவரில் ஒட்டுவது, வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது எல்லாம் அவதூறு வழக்குக்குக் கடைக்காரரே கொடுக்கிற சாட்சியம். சாக்லேட் எடுத்த பள்ளிக்கூடப் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தி அடிப்பதையும் படம் எடுப்பதையும் பார்த்தால் மனசு பதறுகிறது. பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னாலே தீர்ந்துபோகிற தவறு அது. அந்த இடத்தில் நாம் நின்றிருந்தால் வேடிக்கை பார்க்காமல் குறுக்கே போக வேண்டும்.

காவலரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிழைப்புக்காக வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து, நாள் முழுக்க வாசலில் கால்கடுக்க நிற்கிறவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவர 2021 வரை ஆகியிருக்கிறது. பையைத் திறக்கச் சொல்லுவது அவர் விருப்பம் இல்லை, மேலே இருந்து வந்த உத்தரவு. அவரிடம் குரலை உயர்த்த வேண்டாம். "அண்ணே, பில்லும் உங்க கடைப் பையும் இதோ இருக்கு, பாருங்க. என் பையை நான் திறக்கமாட்டேன். சந்தேகம் இருந்தா மேனேஜரைக் கூப்பிடுங்க" என்றால் போதும். மேனேஜர் வந்தால் ஒரே கேள்வி: "நான் என்ன எடுத்ததை யார் பார்த்தாங்க?" பதில் இல்லையென்றால் கிளம்பலாம். விடமாட்டோம் என்றால் நீங்களே 112க்கு அடியுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் போலீசைக் கூப்பிடத் தயங்க வேண்டியதில்லை. பெண் போலீசோடு வரச் சொல்லுங்கள். பிடுங்கித்தான் பார்ப்பார்கள் என்ற நிலை வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். "எனக்குச் சம்மதம் இல்லை" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள், கூட வந்தவரை போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், நீங்கள் அந்தக் கடையின் நுகர்வோர் என்பதற்கு அதுதான் ஆதாரம். வழிமறித்தல், அடைத்து வைத்தல் பற்றி அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். அவமானத்துக்கு இழப்பீடு கேட்பதென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பிக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நேராகவும் மனு போடலாம். நீங்கள் வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நடந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் சிசிடிவி பதிவு அத்தனை நாள் காத்திருக்காது, பழையதன் மேல் புதியது ஏறிக்கொண்டே போகும். அதனால் மறுநாளே, தேதியும் நேரமும் போட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கடை நிர்வாகத்துக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பிவிடுங்கள்.