இரு ஊசிகள், ஒரு நூல்
வோல்சால் நகரத்துச் சேணத் தொழில்

எமது நகரங்களின் பேருந்து நிலையங்களுக்கு அருகே, மரநிழலில் ஒரு சாக்கை விரித்து அமர்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு குத்தூசி, மெழுகு பூசிய நூல், கூரிய கத்தி, சுத்தியல் என்பனவே அவரது சொத்து. அறுந்த செருப்பைக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றபடி அவரை அவசரப்படுத்துகிறோம். வேலை முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். அவரது பெயரை நாம் கேட்பதில்லை.

ஏறக்குறைய இதே கருவிகளால் உலகப் புகழ் பெற்ற நகரம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பேர்மிங்ஹாம் நகருக்கு அண்மையிலுள்ள வோல்சால் என்பதே அது. குதிரைச் சேணம் அந்த ஊரின் அடையாளம். அங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்தையே மக்கள் 'சேணக்காரர்' என்று பெருமையோடு அழைக்கின்றனர். தோலைத் தொட்ட கையை ஓர் ஊர் தன் பெயராகச் சூடிக்கொண்டது எப்படி?

இரும்பிலிருந்து தோலுக்கு

வோல்சாலின் கதை தோலுடன் தொடங்கவில்லை. நிலக்கரியும் இரும்புத் தாதும் சுண்ணாம்புக் கல்லும் அப்பகுதியில் கிடைத்தன. ஆகவே பழங்காலம் முதல் அங்குள்ள கொல்லர்கள் குதிரையின் வாயிலிடும் கடிவாள இரும்பு, அங்கவடி, பக்கிள் ஆகியவற்றைச் செய்து வந்தனர். இரும்பு உறுப்புகளைச் செய்தவர்களின் ஊரிலேயே, அவற்றைக் கோக்கும் வார்களையும் சேணங்களையும் செய்யும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் வேகமாக வளர்ந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாவது உலகப் போரின்போது படைகளுக்கு வேண்டிய சேணங்கள் பெருந்தொகையாக இங்கே செய்யப்பட்டன.

அக்காலப் பட்டறைகளில் எல்லோருக்கும் ஒரே நீதி இருக்கவில்லை. கடிவாள வார்களைத் தைத்தவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களது தையல் மிக நுண்மையானது, கூலியோ குறைவு. நல்ல கூலி கிடைத்த சேண வேலையை ஆண்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர். பெருமைக்குரிய கைத்தொழிலின் உள்ளேயும் அநீதி ஒளிந்திருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் மோட்டார் வாகனம் வந்தது. குதிரை வீதியை விட்டு அகன்றது. பல பட்டறைகள் மூடப்பட்டன. சில கைப்பை, பணப்பை முதலிய சிறு தோற்பொருட்களுக்கு மாறின. எனினும் சேணக் கலை முற்றாக அழியவில்லை. ஓய்வுக்காகவும் விளையாட்டுக்காகவும் குதிரை ஏறுவோர் நல்ல சேணத்தைத் தேடி வந்தார்கள். 1988இல் பழைய தோற் பட்டறை ஒன்றில் இத்தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

சேணத்தின் எலும்புக்கூடு

சேணம் என்றால் முதுகின் மேல் போடும் தோல் மெத்தை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. உள்ளே அதற்கும் ஓர் எலும்புக்கூடு உண்டு. ஆங்கில முறைச் சேணத்தில், மெல்லிய பீச் மரப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்து, உருக்குத் தகடுகளால் பலப்படுத்திச் சட்டம் செய்வார்கள். அங்கவடி தொங்கும் இரும்பும் இதிலேயே பொருத்தப்படும். சட்டம் கோணினால் சேணம் முழுவதும் கோணிவிடும்.

சட்டத்தின் மேல் பலமான நாடாக்களை நெடுக்காகவும் குறுக்காகவும் இழுத்து ஆணி அடிப்பர். அதன்மேல் துணியும் கம்பளி மயிரும் இட்டு இருக்கையை உருவாக்குவர். பின்னர் இருக்கைத் தோலை நனைத்து, இடுக்கியால் இழுத்து, சுருக்கமில்லாமல் படியவைத்துக் காயவிடுவர். இழுபட்டும் கிழியாத தன்மை இருப்பதால் பன்றித் தோலையே இதற்கு நெடுங்காலம் விரும்பினர்.

குதிரையின் முதுகைத் தொடும் அடிப்பக்கத்தில் இரண்டு மெத்தைகள் உள்ளன. அவற்றுள் கம்பளி மயிரைச் சிறிது சிறிதாக நீண்ட இரும்புக் கோலால் தள்ளி நிரப்புவார்கள். இரு மெத்தைகளுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் போன்ற இடைவெளி விடப்படும். ஏறுபவரின் பாரம் முதுகெலும்பில் விழாமல், இரு பக்கத்துத் தசைகளிலும் பரவவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

கருவியும் தையலும்

பிறைவடிவக் கத்தி சேணத் தொழிலாளியின் வலக்கை போன்றது. அதை உருட்டியும் தள்ளியும் தடித்த தோலையும் வெட்டலாம். ஒரே அகலத்தில் வார் கீறுவதற்கு அளவுகோல் பொருத்திய வேறொரு கத்தி உண்டு. வாரின் கூரான விளிம்பைச் சீவ ஒரு சிறு சீவுளி உதவும். பின்பு விளிம்பைத் தேய்த்து மினுக்கி, சூடாக்கிய இரும்பால் ஓரத்தில் கோடு இழுப்பர். அந்தக் கோடு அழகுக்கு மட்டுமல்ல, விளிம்பை இறுக்குவதற்கும் உதவுகிறது.

தையலுக்கு முன் பல் வைத்த ஓர் இரும்பைத் தோலில் வைத்துத் தட்டி, சம தூரத்தில் அடையாளமிடுவார்கள். வேலைக்கேற்ப ஓர் அங்குலத்துக்கு 6 தையல் முதல் 12 தையல் வரையும் அதற்கு மேலும் வரலாம். தோலை ஒரு நீண்ட மரக்கவ்வியில் செருகி, அதை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டால் இரு கைகளும் வேலைக்கு விடுதலை பெறும்.

ஒரே நூலின் இரு முனைகளிலும் இரு ஊசிகள். சணல்வகை நாரால் முறுக்கிய நூல் தேன்மெழுகில் இழுக்கப்பட்டிருக்கும். குத்தூசி துளையிட்டதும் இடப்பக்கத்திலிருந்து ஓர் ஊசியும் வலப்பக்கத்திலிருந்து மற்ற ஊசியும் அதே துளையினூடாகச் செல்லும். இரு கைகளும் ஒரே பலத்துடன் இழுக்கும். இவ்வாறு ஒவ்வொரு துளையிலும் நூலின் இரு பாதிகளும் கடந்து செல்கின்றன.

இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கொளுவி நிற்கும். ஒன்று தேய்ந்து அறுந்தால் அயல் தையல்களும் தளர்ந்து போகும். கைத்தையலிலோ ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். பாய்ந்தோடும் குதிரையின் மேல் இருப்பவரின் உயிர் ஒரு வாரின் தையலில் தங்கியிருக்கும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல. அதனாலேயே இயந்திரம் வந்த பின்னரும், பாரம் தாங்கும் இடங்களைக் கையால் தைக்கும் வழக்கம் நிலைத்தது.

பட்டையில் ஊறிய தோல்

எல்லாத் தோலும் சேணத்துக்கு உதவாது. மாட்டின் முதுகுப் பக்கத் தோல் அடர்த்தியானது. வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். எனவே நீண்ட வார்களை முதுகுத்தண்டுக்கு இணையாகவே வெட்டுவார்கள். இங்கிலாந்தின் பழைய முறையில் ஓக் மரப்பட்டை ஊறிய நீர்த் தொட்டிகளில் தோல் ஒரு வருடமளவிலும் அதற்கு மேலும் கிடக்கும். பின்னர் கொழுப்பும் மீனெண்ணெயும் ஊட்டப்படும். எமது வரண்ட நிலங்களில் மஞ்சளாய்ப் பூக்கும் ஆவாரையின் பட்டைக்கும் தோல் பதனிடும் ஆற்றல் உண்டு. நாம் பூவைத் தேநீராக்கிக் குடிக்கும் அதே ஆவாரைதான்.

குரோமிய உப்பினால் ஓரிரு நாட்களில் தோலைப் பதனிடலாம். ஆனால் கழிவைக் கவனியாது விட்டால் அதன் விலையை அயலவர் கொடுக்க நேரிடும். தமிழகத்துப் பாலாற்றுப் பகுதியில் கிணறுகளும் வயல்களும் கெட்டமை தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

பேசாத முதுகு

சேணத்தின் தரத்தை இறுதியில் சொல்வது குதிரையின் முதுகுதான். ஓடிவந்த குதிரையின் சேணத்தைக் கழற்றினால் வியர்வையில் நனைந்த முதுகு தெரியும். அதன் நடுவே சிறு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே பாரம் அளவுக்கு மீறி அழுத்தியிருக்கலாம் என்று அனுபவசாலிகள் ஐயுறுவர். அழுத்தம் தொடர்ந்தால் புண் வரும். புண் ஆறினாலும் அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்து, மனிதனின் கவனக்குறைவுக்குச் சாட்சியாக நிற்கும். வண்டில் மாட்டின் பிடரியில் நுகத்தடி விட்ட தழும்பைக் கண்ட எமது முதியோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குதிரை இளைக்கும், கொழுக்கும், மூப்படையும். உள்ளே வைத்த கம்பளியும் அமுங்கும். ஆகவே நல்ல தொழிலாளி சேணத்தை விற்றவுடன் தன் கடமை முடிந்தது என்று எண்ணுவதில்லை. காலத்துக்குக் காலம் முதுகைத் தடவிப் பார்த்து மெத்தையைத் திருத்துகிறான். தன் வேலையைச் சுமப்பவனின் வலியையும் அறிந்திருப்பதே தொழிலறிவின் முதிர்ச்சி.

எமது மரநிழல்

எமது நாட்டில் சேணத்துக்குப் பெரிய சந்தை இல்லை. ஆனால் செருப்பு, இடுப்புவார், பை, பாடசாலைப் புத்தகப்பை ஆகியன எல்லோருக்கும் தேவை. மரநிழலில் இருப்பவரின் குத்தூசியும் மெழுகு நூலும் வோல்சால் பட்டறையில் இருந்தவற்றின் உடன்பிறப்புகளே. குறைவாக இருப்பது அவரது கைத்திறன் அல்ல. நாம் அவருக்குக் கொடுக்கும் மதிப்பே. தோலைத் தொடுபவரைத் தள்ளிவைத்து, அவர் செய்த செருப்பை மட்டும் காலில் ஏற்றுக்கொண்ட சமூகம் எமது சமூகம். அதனால்தான் அவரது மகன் தந்தையின் தொழிலை மறைக்க விரும்புகிறான். தந்தையின் கையிலுள்ள அறிவும் அவருடனேயே போய்விடுகிறது.

கிராமங்களில் தொழிற்பயிற்சி நடத்துவோர் இதைச் சிந்திக்க வேண்டும். தையல் பயிற்சிக்கும் மரவேலைக்கும் பக்கத்தில் தோல்வேலைக்கும் ஒரு மேசை போடலாம். அதில் எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் அமரலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை முதல் நாளே எழுதி வைக்கலாம். கற்பிக்கும் ஆசிரியராக, மரநிழலில் இருப்பவரையே அழைக்கலாம்.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை செருப்பு அறுந்தால், அவரிடம் அதைக் கொடுக்கும்போது அவரது பெயரைக் கேட்போம்.