மலைமேல் ஒரு பிளேஸ்டேஷன்

வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் பழனியிலிருந்து ஏறிவரும் சாலையும் பெருமாள்மலையில் ஒன்று சேருகின்றன. அங்கிருந்து கொடைக்கானல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காப்பியும் பிளம்ஸும் பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் விளையும் சரிவுகள். வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் கரண்ட் திரும்ப நேரமாகும். செல்போன் சிக்னலோ வளைவுக்கு வளைவு மாறும். நகரத்துப் பிள்ளைகள் இணையம் வழியாக ஆடும் விளையாட்டுகள் இப்படிப்பட்ட ஊரில் பாதியிலேயே அறுந்துபோகும். ஆனால் இணையமே தேவைப்படாத விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நிண்டெண்டோவுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் என்று ஒரு காலத்தில் எழுதப்பட்ட அவற்றை, எமுலேட்டர் என்ற மென்பொருள் சாதாரண லேப்டாப்பில் ஓட்டிக் காட்டும். மலை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கை என்னால் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளில் ‘சாமுராய்’ பெட்டியில் கேசட் செருகி மரியோ ஆடியவர்களுக்கும், அதன்பின் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து வீடியோ கேம் கடையில் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) ஆடியவர்களுக்கும் எமுலேட்டர் புதிதல்ல. அவர்களின் குறை வேறு: “ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம். அப்படியும் பிஎஸ்2 கேம் ஏன் லேக் ஆகிறது?” கடைக்காரரிடம் கேட்டால் புது லேப்டாப்போ கிராஃபிக்ஸ் கார்டோ வாங்கச் சொல்வார். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. பெட்டிமேல் ஒட்டியிருக்கும் கிகாஹெர்ட்ஸ் எண்ணை நம்புவதும், எந்த அமைப்பு எந்த வேலையைத் தொடுகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதும்தான் கோளாறின் வேர்.

எண்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய நிண்டெண்டோவின் பிராசசர் ஓடியது 1.79 மெகாஹெர்ட்ஸில். முதல் பிளேஸ்டேஷன் சுமார் 34. 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2 சுமார் 295. கையடக்க பிஎஸ்பி 333. நிண்டெண்டோவின் கேம்கியூப் 485. பிளேஸ்டேஷன் 3-க்கு 3.2 கிகாஹெர்ட்ஸ். இந்த வரிசைப்படி பார்த்தால் பிஎஸ்2-ஐவிட பிஎஸ்பியை ஓட்டுவதுதான் கடினமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஹென்ரிக் ரைட்கோர்ட் 2012-இல் வெளியிட்ட பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே பிஎஸ்பி விளையாட்டுகளை முழு வேகத்தில் ஓட்டிவிடும். பிஎஸ்2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரோ ஐந்தாண்டு பழைய லேப்டாப்பையும் திணறவைக்கும்.

காரணம் பிஎஸ்2-இன் வயிற்றுக்குள் இருக்கிறது. ‘எமோஷன் எஞ்சின்’ என்ற மையப் பிராசசர் ஒன்று. அதோடு ஒட்டி, முப்பரிமாணக் கணக்குகளைப் போட ‘வியு’ என்று அழைக்கப்படும் வெக்டர் அலகுகள் இரண்டு. படம் வரைய ‘கிராஃபிக்ஸ் சிந்தசைசர்’. ஜாய்ஸ்டிக்கையும் டிஸ்க்கையும் கவனிக்க இன்னொரு பிராசசர். அது முதல் பிளேஸ்டேஷனின் மூளையேதான். இத்தனையும் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்றுக்கொன்று காத்திருக்கும். போதாக்குறைக்கு, தசம எண்களைக் கணக்கிடுவதில் இன்றைய கணினிகள் பின்பற்றும் பொது விதியை பிஎஸ்2 பின்பற்றவில்லை. அதனால் கணினி போடும் கணக்கைப் பல இடங்களில் எமுலேட்டர் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

எமுலேட்டரின் வேலையை நம் அரசியல் மேடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். டில்லித் தலைவர் இந்தியில் ஒரு வரி பேசுவார், பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்வார். மறுபடி ஒரு வரி, மறுபடி நிறுத்தம். ஆரம்பகால எமுலேட்டர்கள் இப்படித்தான் ஒவ்வொரு கட்டளையையும் ஓடும்போதே பெயர்த்தன. இன்றைய எமுலேட்டர்கள் ஒரு பகுதியை ஒருமுறை மொத்தமாகப் பெயர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே நேராக ஓட்டுகின்றன. அதன் பிறகும் அசல் பெட்டியின் ஒரு கட்டளைக்குக் கணினி பல கட்டளைகளைச் செலவழிக்கிறது. எவ்வளவு நுணுக்கமாக நகலெடுக்கிறோமோ அவ்வளவு செலவு. தொண்ணூறுகளின் பென்டியம் கணினியிலேயே சூப்பர் நிண்டெண்டோ விளையாட்டுகள் ஓடின. ஆனால் அதே பெட்டியின் ஒவ்வொரு துடிப்பையும் பிசகாமல் நகலெடுக்க ‘நியர்’ என்ற புனைபெயரில் இயங்கியவர் உருவாக்கிய பிஸ்னெஸ் எமுலேட்டர் 3 கிகாஹெர்ட்ஸ் அளவு பிராசசரைக் கேட்டது. நகலெடுக்கப்பட்ட பெட்டியின் வேகம் வெறும் 3.58 மெகாஹெர்ட்ஸ். 2021-இல் மறைந்த அவருடைய உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் நன்றியும்தான் வருகின்றன.

இங்கேதான் லேப்டாப் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். எட்டு கோர் இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். பிசிஎஸ்எக்ஸ்2 உண்மையில் கனமாகப் பயன்படுத்துவது இரண்டு அல்லது மூன்று கோர்களை மட்டும்: மையப் பிராசசருக்கு ஒன்று, படம் வரைவதற்கு ஒன்று, வெக்டர் அலகுக்கு ஒன்று. மீதி கோர்கள் சும்மா நிற்கும். ஆகவே ஒரே ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. அதையும் கிகாஹெர்ட்ஸ் மட்டும் சொல்லாது. 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ அடுத்த தலைமுறையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ எளிதாக முந்தியது. ஒரு துடிப்புக்குள் அது முடிக்கும் வேலை அதிகம். பாஸ்மார்க் என்ற சோதனையில் ‘சிங்கிள் திரெட்’ மதிப்பெண் 1,500-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும் என்பது பிசிஎஸ்எக்ஸ்2 குழு வகுத்த குறைந்தபட்ச அளவு. பிராசசரின் பெயரைப் போட்டுத் தேடினால் இந்த மதிப்பெண் கிடைக்கும். பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழையுமுன் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் கிளைக்கதை உண்டு. 2011 செப்டம்பரில் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் பல லட்சம் பிளஸ் டூ மாணவர்களின் வீட்டுக்கு முதல் கணினி வந்தது. மலைக் கிராமங்களுக்கும் வந்தது. அதன் தொடக்க ஆண்டு லேப்டாப்களில் பிஎஸ்2 விளையாட்டை ஓட்ட முயல்வது வீண். அவற்றின் ஒற்றைக் கோர் வேகம் போதாது. ஆனால் முதல் பிளேஸ்டேஷன், பிஎஸ்பி, சூப்பர் நிண்டெண்டோ, சேகா எல்லாம் அவற்றில் நன்றாகவே ஓடும். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அரசு லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டுப் பெட்டி கிடையாது.

இனி அமைப்புகள். எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும்: பிசிஎஸ்எக்ஸ்2-இல் திரையின்மேல் வேக விவரங்களைக் காட்டும் வசதியை இயக்குங்கள். வேகம் 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் தருணத்தில் எந்த எண் உச்சத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். ‘ஈஈ’ (எமோஷன் எஞ்சின்) என்ற வரி 95-ஐத் தாண்டி நின்றால் பிராசசர் திணறுகிறது. ‘ஜிபியு’ உச்சத்தில் இருந்தால் படம் வரையும் பகுதி திணறுகிறது. இந்த ஒரு நோட்டம் பல நாள் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

ஜிபியு திணறினால் ‘இன்டர்னல் ரெசல்யூஷன்’ அமைப்பை பிஎஸ்2-இன் அசல் அளவுக்கு இறக்குங்கள். யாரோ நான்கு மடங்கு வைத்து அழகாக ஓட்டிய காணொளியைப் பார்த்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத லேப்டாப்பிலும் அதையே வைப்பவர்கள் ஏராளம். அடுத்து ‘பிளெண்டிங் அக்யூரசி’யை ஒரு படி குறைக்கலாம். படம் வரையும் முறையான ரெண்டரரை டைரக்ட்3டி, வல்கன் என்று மாற்றிப் பார்க்கலாம். எது வேகம் என்பது லேப்டாப்பைப் பொறுத்தது. இன்னொன்று: லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் துண்டு மட்டும் இருந்தால், அதே அளவில் இரண்டாவது துண்டைச் சேர்ப்பது தனி கிராஃபிக்ஸ் இல்லாத இயந்திரங்களுக்குப் பெரிய உதவி. புது லேப்டாப்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பிராசசர் திணறினால் ரெசல்யூஷனை இறக்கிப் பயனில்லை. மூன்று கோராவது இருந்தால் ‘எம்டிவியு’ இயங்குகிறதா என்று பாருங்கள். அது வெக்டர் அலகின் வேலையைத் தனிக் கோருக்கு மாற்றிவிடும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ‘ஈஈ சைக்கிள் ரேட்’டை 75 சதவீதத்துக்குக் குறைத்துப் பார்க்கலாம், பல விளையாட்டுகள் தாங்கிக்கொள்ளும். ‘சைக்கிள் ஸ்கிப்’ மட்டும் எனக்குப் பிடிக்காதது. அதைக் கூட்டினால் திரையில் 100 சதவீதம் என்று காட்டும். விளையாட்டோ கண்ணெதிரே தட்டுத்தடுமாறும். அது பொய் வேகம்.

இந்தியாவில் விற்ற பிஎஸ்2 டிஸ்க்குகள் பெரும்பாலும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தவை. பலவற்றின் முழு வேகமே நொடிக்கு 50 படம்தான். 60 வரவில்லையே என்று அமைப்புகளைக் கலைத்துப் போடாதீர்கள்.

எமுலேட்டருக்கு வெளியே கவனிக்க வேண்டியது மின்சாரமும் சூடும். மெல்லிய லேப்டாப்களின் பிராசசர் இரு முகம் கொண்டது. இன்டெல் ஐ5-8250யு-வின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 3.4 வரை எகிறும். எமுலேட்டர் நம்பியிருப்பது அந்த எகிறலைத்தான். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் அதைக் கட்டிப்போடலாம். ஆகவே பவர் அமைப்பை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்று வைத்து, சார்ஜர் செருகியபடி ஆடுங்கள். சூட்டைக் குறைக்க ‘மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்’டை 99 என்று வைக்கச் சொல்லும் அறிவுரை ஒன்று உலவுகிறது. அது எகிறலை அடியோடு நிறுத்திவிடும், எமுலேட்டருக்கு ஆகாது.

சூட்டில் மலைக்காரர்களுக்கு இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. மதுரையில் அறையின் வெப்பம் 36 டிகிரி இருக்கும் மதியத்தில் இங்கே 18, 20 டிகிரிதான். அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே பிராசசரின் சூட்டிலும் குறையும். சுமார் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் பிராசசருக்கு இது பெரிய இடைவெளி. உயரம் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்: கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளும் காற்று எடுத்துச்செல்லும் சூடும் அதற்கேற்பக் குறையும். இருந்தாலும் லாபம் மலைக்குத்தான். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன்மேலேயே லேப்டாப்பை வைத்து ஆடினால் மட்டும் அந்த லாபம் முழுக்கப் போய்விடும். அடியில் காற்றுத் துளைகள் அடைபட்டு, கொடைக்கானலிலும் லேப்டாப் கொதிக்கும். ஒரு மரப்பலகை போதும்.

மலையின் ஈரம்தான் உண்மையான எதிரி. லேப்டாப்பைவிட டிஸ்க்குகளுக்கு. குறுந்தகட்டின் உள் அடுக்கையே பூஞ்சை தின்னும் என்பதை, மத்திய அமெரிக்க நாடான பெலிஸிலிருந்து வந்த ஒரு தகட்டை வைத்து ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸும் நாளாக நாளாகத் தளரும். பிஎஸ்2 தயாரிப்பு 2013-உடன் முடிந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கென்று நம் நாட்டில் செய்யப்பட்ட விளையாட்டுகளும் உண்டு. ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் செய்து 2009-இல் வெளிவந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, அதே ஆண்டில் கபடியையும் கிட்டிப்புள்ளையும் திரைக்குக் கொண்டுவந்த ‘தேசி அட்டா’, 2011-இல் ‘ரா.ஒன்’. சிறந்த விளையாட்டுகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்சோல் விளையாட்டு என்ற கலையில் இந்தியா எடுத்துவைத்த முதல் அடிகளைச் சேர்ந்தவை. பெட்டிகள் பழுதான பின் இவற்றை மறுபடி பார்க்க எமுலேட்டரை விட்டால் நமக்கு எளிய வழி இல்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. எமுலேட்டர் எழுதுவது மட்டுமே பதிப்புரிமை மீறலாகாது என்ற நிலையை, பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின்மேல் சோனி தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்தது. விளையாட்டுகளைக் களவாக இறக்குவது வேறு விஷயம். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக வைத்திருக்கும் கணினி நிரலுக்குச் சேதம், இழப்புக்கு எதிரான காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குக்குத்தான் இந்தப் பேச்சு. பர்மா பஜார் கள்ள டிஸ்க்குக்கு அல்ல.

வேலை கடினமல்ல. பிஎஸ்2 டிஸ்க்கைக் கணினியின் சாதாரண டிவிடி டிரைவே படிக்கும். புது லேப்டாப்பில் டிரைவ் இல்லை என்றால் யுஎஸ்பி டிவிடி ரைட்டர் கிடைக்கிறது. இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருளால் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துவிடலாம். எமுலேட்டருக்குத் தேவையான பயாஸை (கன்சோலின் தொடக்க நிரல்) உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதற்குக் கன்சோல் உயிரோடு இருக்க வேண்டும். பரணில் பிஎஸ்2 வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதை இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஓடினால், பயாஸையும் டிஸ்க்குகளையும் அடுத்த மழைக்கு முன் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள்.