கம்பியிலா இருக்கிறது சங்கீதம்?

வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்குவது என்று தீர்மானமாகி விட்டால், அத்துடன் செலவு முடிந்து விட்டதாக எந்தக் குடும்பத் தலைவியும் நினைத்து விடக் கூடாது. முதலில் ஆம்ப்ளிபயர் வரும். அதன் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள் வரும். அவற்றின் பின்னால், மெள்ள மெள்ள, கேபிள் வரும்.

"இவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கி விட்டு, சாதாரண வயரையா மாட்டப் போகிறீர்கள்?" என்று கடைக்காரர் கேட்பார். அப்போது அவர் முகத்தில் தெரியும் அனுதாபத்தைப் பார்த்தால், பட்டுப் புடவை எடுத்து விட்டு ரவிக்கைக்குக் கோணித் துணி கேட்டது போல நமக்கே வெட்கமாகி விடும்.

அவர் எடுத்துக் காட்டும் கேபிள் கம்பீரமாகத்தான் இருக்கும். கட்டை விரல் பருமன். மேலே பின்னல் உறை. முனையில் தங்க முலாம். விலையோ ஒரு மாதச் சம்பளம்! "மாட்டிப் பாருங்கள், பாடகர் மூச்சு விடுவது கூடக் கேட்கும்" என்பார். வீட்டுக்காரரின் கண்கள் பளபளக்கும். வீட்டுக்காரிக்குக் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் ஞாபகத்துக்கு வரும்.

யார் பக்கம் நியாயம்? பார்த்து விடலாம்.

கம்பியின் உத்தியோகம்

ஆம்ப்ளிபயர் கொடுக்கும் மின்சாரத்தைச் சிந்தாமல் சிதறாமல் ஸ்பீக்கருக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் கம்பியின் உத்தியோகம். எந்தக் கம்பியும் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். மெல்லிய கம்பி அதிகமாகத் தடுக்கும். நீளமான கம்பியும் அப்படியே. இந்தத் தடையை 'ஓம்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். மந்திரம் அல்ல, ஜெர்மன் விஞ்ஞானி ஒருவருடைய பெயர்!

வீட்டு ஸ்பீக்கர்கள் சாதாரணமாக 4 ஓம் அல்லது 8 ஓம் இருக்கும். கம்பியின் தடை அதில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் இருந்தால் போதும் என்பது எஞ்சினீயர்கள் சொல்லும் கணக்கு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.2 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மின்சாரம் போக 5, வர 5, ஆக 10 மீட்டர் செப்புக் கம்பி. அரை சதுர மில்லிமீட்டர் கம்பியானால் தடை சுமார் 0.34 ஓம்; எல்லையைத் தாண்டி விட்டது. 1.5 சதுர மில்லிமீட்டரானால் சுமார் 0.11 ஓம், 2.5 ஆனால் 0.07 ஓம்தான். இரண்டும் எல்லைக்குள் அடக்கம்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? சத்தம் கொஞ்சம் குறையும். அது மட்டுமல்ல. ஸ்பீக்கரின் தடை எல்லா ஸ்வரங்களுக்கும் ஒன்று போல் இருப்பதில்லை. ஆகவே மெல்லிய கம்பி ஒரு ஸ்வரத்தை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் அமுக்கி விடும். கம்பியால் வித்தியாசமே கிடையாது என்று சாதிப்பவர்களும் தவறுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் வெள்ளிக் கம்பி? வெள்ளி செம்பை விட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உயர்வு நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். செப்புக் கம்பியைச் சற்றே தடிமனாக வாங்கினால் அதுவும் சரியாகி விடும்.

ஐம்பது மணி நேரப் பரீட்சை

அமெரிக்காவில் 1970-களின் கடைசி வரையில் இந்தக் கவலை அநேகமாக யாருக்கும் இருந்ததில்லை. மேஜை விளக்குக்குப் போடும் வயரையே ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். அப்போது நோயல் லீ என்ற எஞ்சினீயர், தடித்த கேபிள் ஒன்றை 'மான்ஸ்டர்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். மான்ஸ்டர் என்றால் அரக்கன், பெயருக்கேற்ற பருமன். வியாபாரம் அமோகமாக நடந்தது.

'ஸ்டீரியோ ரெவ்யூ' என்ற அமெரிக்கப் பத்திரிகை இதைச் சோதித்தே பார்த்து விடுவது என்று கிளம்பிற்று. அந்தச் சோதனையைப் பற்றி லாரன்ஸ் கிரீன்ஹில் எழுதிய கட்டுரை 1983 ஆகஸ்டு இதழில் வெளிவந்தது. மான்ஸ்டர் கேபிள், தடித்த விளக்கு வயர், மிக மெல்லிய வயர் என்று மூன்று ரகம். எது மாட்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லவில்லை. ஐம்பது மணி நேரம் பிடித்த வேலை. முடிவு என்ன? மெல்லிய வயர் மட்டம் என்று தெரிந்தது. ஆனால் சங்கீதத்தைக் கேட்டு, அரக்கன் எது, விளக்கு வயர் எது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை!

2007-ல் இன்னொரு வேடிக்கை. 12 அடி நீளமுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிளுக்கு 7,250 டாலர் விலை வைத்திருந்தது ஒரு கம்பெனி. பிரபல ஜாலவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, "இதற்கும் சாதாரணக் கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்காமல் கேட்டே கண்டுபிடியுங்கள், பத்து லட்சம் டாலர் தருகிறேன்" என்று சவால் விட்டார். ஒரு விமர்சகர் முன்வந்தார். கம்பெனி விலகிக் கொண்டது. பரீட்சை நடக்காமலே போயிற்று.

பொய்யா சொல்கிறார்கள்?

வித்தியாசம் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்வதாக நினைக்கக் கூடாது. கல்யாண வீட்டில் அதே காப்பியை வெள்ளி டம்ளரில் கொடுத்தால் ருசி தூக்கலாக இல்லையா? விலையும் அழகும் தெரிந்த பிறகு, கேட்பது காது மாத்திரம் அல்ல.

இதில் பெண்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. "எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே!" என்று சொன்னால், "உன் காதுக்குப் பழக்கம் போதாது" என்ற பதில் தயாராக இருக்கிறது. குக்கரின் விசில் சத்தத்தை மூன்று அறைகளுக்கு அப்பாலிருந்து எண்ணுகிற காதா பழக்கம் போதாத காது?

இதற்கு வீட்டிலேயே பரீட்சை வைக்கலாம். ஒருவர் முதுகைத் திருப்பி உட்காரட்டும். இன்னொருவர் ஆம்ப்ளிபயரை அணைத்து விட்டு, காசு சுண்டிப் போட்டு, விழுந்தபடி கேபிளை மாட்டட்டும். மாற்ற வேண்டாத முறையிலும் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பாட்டு ஒன்றே, சத்தத்தின் அளவும் ஒன்றே. இப்படிப் பத்து முறை. ஐந்து சரியென்றால் அது வெறும் அதிர்ஷ்டம். ஒன்பதோ பத்தோ சரியாகச் சொன்னால், கேட்டது காதுதான் என்று ஒப்புக் கொள்ளலாம்; குருட்டாம்போக்கில் அப்படி அமைவது நூற்றில் ஒரு தடவைதான்.

கவனிக்க வேண்டியவை

செம்புதானா என்று பாருங்கள். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியம், தடை அதிகம்.

இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாட்டுங்கள். ஒன்றில் மாறி விட்டால் மிருதங்கத்தின் தொப்பி வலுவிழக்கும். நடுவில் நின்று பாட வேண்டிய பாடகர் எங்கேயோ கரைந்து போவார்.

ஆம்ப்ளிபயருக்குள் போகும் மெல்லிய கேபிளுக்கு உள்ளே செப்பு வலை உறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்தின் முனகல் பாட்டோடு சேர்ந்து கொள்ளும். ரிகார்டு பிளேயரிலிருந்து வரும் கேபிள் அநாவசிய நீளமாக இருந்தால் மேல் ஸ்தாயியின் குணம் சற்று மாறக் கூடும். முனைகள் தளராமல், துருப்பிடிக்காமல் இருக்கட்டும்.

பிறகு ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். வெறும் தரையில் ஒரு ஜமக்காளம் விரியுங்கள். வரும் மாறுதலை, காசு சுண்டாமலே எல்லோரும் உணர்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு விலையுயர்ந்த கேபிளில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே தைரியமாகச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் வாங்கிக் கேட்க எத்தனையோ கச்சேரிகள் காத்திருக்கின்றன.