நம்ம ஆள் அவுட்டாகணும்!

சேப்பாக்கத்தில் சில ஆண்டுகளாக ஒரு விநோதம் நடக்கிறது. சென்னை சூப்பர் கிங்ஸ் பேட்டிங் செய்துகொண்டிருக்கும். கடைசி ஓவர்கள். தூக்கி அடித்த பந்து எல்லைக்கோட்டருகே கேட்சாகிவிடும். உடனே அரங்கமே எழுந்து நின்று விசிலடிக்கும். எதிரணிக்கு இங்கே இத்தனை ஆதரவாளர்களா என்று புதிதாக வந்தவர் மிரண்டுபோவார். ஆனால் விசிலடிப்பவர்கள் அத்தனை பேரும் மஞ்சள் சட்டைக்காரர்கள். அவுட்டாகித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறவரும் மஞ்சள் சட்டைதான். அடுத்து இறங்குவது தோனி. அதற்குத்தான் இந்தக் கூத்து.

இதில் அதிகம் அடிபட்டவர் ரவீந்திர ஜடேஜா. தோனிக்கு முந்தைய இடத்தில் இறங்கியவர் என்பதைத் தவிர அவர் வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. 2023 மே 10 அன்று இதே மைதானத்தில் டெல்லியை வென்றபோது ஆட்ட நாயகன் விருது அவருக்குத்தான். பரிசை வாங்கிக்கொண்டவர், தான் இன்னும் முன்னால் இறங்கினால் ரசிகர்கள் தான் அவுட்டாவதற்காகவே காத்திருப்பார்கள் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 2012-ல் இந்த அணிக்கு வந்த ஒருவர், சொந்த அணியின் ரசிகர்களைப் பற்றி இப்படிச் சொல்ல நேர்ந்ததே என்று யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. அதையும் மீமாக்கி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அகமதாபாத்தில் குஜராத்துடன் இறுதிப்போட்டி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழை பெய்து, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, நள்ளிரவைத் தாண்டி ஓடிய ஆட்டம். தோனி வந்த முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா வீசியதை நேராக சிக்ஸருக்கும், அடுத்ததை ஃபைன் லெக் பக்கம் பவுண்டரிக்கும் அனுப்பிக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார் ஜடேஜா. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்ட படம் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. அடுத்த சீசனில் விசில் மறுபடி பழையபடிதான். 2024 ஏப்ரல் 8, கொல்கத்தாவுடன் ஆட்டம். மட்டையோடு ஜடேஜா இறங்கி வருவதுபோல் வந்தார். கூட்டம் முனகியது. சிரித்தபடி அவர் திரும்பிப் போக, பின்னாலிருந்து தோனி வந்தார். எழுந்த சத்தத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற ஆந்த்ரே ரஸ்ஸல் காதைப் பொத்திக்கொண்டார்.

ரசிகர்களைப் பற்றிய வாக்குவாதம் டீக்கடையில் வந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தாலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறவர் வேறொருவர்: ஜெயிக்கிற பக்கம் சாய்கிறவர். கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவர். பிளேஆஃப் வந்ததும் ஜெர்சி வாங்கி, தோற்றதும் துவைத்து மடித்து உள்ளே வைத்துவிடுகிறவர். ‘2008-லிருந்தே பார்க்கிறேன்’ என்று தொடங்குகிற மூத்த ரசிகருக்கு இவரைக் கண்டால் ஆகாது.

எனக்கென்னவோ இவரிடம் பெரிய கோபம் இல்லை. இது மனித சுபாவம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய கூட்டாளிகளும் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வார இறுதியில் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி ஆடி முடித்த பிறகு, திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று ஏழு பல்கலைக்கழகங்களில் கணக்கெடுத்தார்கள். அணி ஜெயித்திருந்தால் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன. பந்தைத் தொடாதவனுக்கும் வெற்றியில் ஒரு பங்கு வேண்டியிருக்கிறது. இதில் யாருக்கு நட்டம்?

தவிர, சென்னை ரசிகர் இந்த விஷயத்தில் அடுத்தவரைப் பார்த்து விரல் நீட்டலாமா என்றும் யோசிக்கவேண்டும். இந்த அணி ஆடிய முதல் 10 சீசன்களில் எட்டில் இறுதிப்போட்டிக்குப் போனது. பத்திலும் பிளேஆஃபை எட்டியது. 2020-ல்தான் முதல் முறையாக அந்த வாசலிலேயே நின்றுபோனது. வருடம் தவறாமல் விருந்து போடுகிற வீட்டுக்கு நாங்கள் விசுவாசமாக இருந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை? விசுவாசம் என்றால் பெங்களூரு ரசிகரைத்தான் சொல்லவேண்டும். சென்னைக்காரன் வாயால் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் உண்மை. 2009, 2011, 2016 என்று மூன்று இறுதிப்போட்டிகளில் தோற்றார்கள். அதில் ஒன்று சேப்பாக்கத்திலேயே, நம்மிடமே. ‘ஈ சாலா கப் நம்தே’ (இந்த முறை கோப்பை நமதே) என்று ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் முழங்க, ஒவ்வோர் ஆண்டும் நாம் சிரித்தோம். சின்னசாமி மைதானம் காலியாகவே இல்லை. 2025 ஜூன் 3-ல் பஞ்சாபை 6 ரன்னில் வென்று, பதினெட்டாவது சீசனில் கோப்பையைத் தூக்கினார்கள். மறுநாள் சின்னசாமி மைதானத்து வாசலில் நடந்த நெரிசலில் 11 பேர் இறந்துபோனது தனிக் கொடுமை. அது ரசிகர்களின் விசுவாசத்தைப் பற்றிய கதை அல்ல, கூட்டத்தைக் கையாளத் தெரியாதவர்களைப் பற்றிய கதை.

சென்னை ரசிகர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளக்கூடிய கட்டம் ஒன்று உண்டு. 2013-ல் பந்தயச் சர்ச்சை வெடித்து, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015 ஜூலையில் சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டாண்டுகள் ஒதுக்கிவைத்தது. தோனி புனேவுக்குப் போனார், ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத்துக்குப் போனார்கள். ரசிகருக்கு அணியே இல்லை. 2018-ல் அணி திரும்பி வந்த முதல் சென்னை ஆட்டத்தன்று காவிரிப் போராட்டம். மைதானத்துக்குள் செருப்பு பறந்துவந்து விழுந்தது, அதுவும் ஜடேஜா நின்ற பக்கமாக. மீதிச் சென்னை ஆட்டங்கள் அத்தனையும் புனேவுக்கு மாறின. அப்போது சென்ட்ரலிலிருந்து தனி ரயில் பிடித்து சுமார் 1,000 பேர் புனே போனார்கள். ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று அதற்குப் பெயர். வாட்சன் 106 அடித்து அவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் பார்த்துக்கொண்டார். அந்த ரயிலில் பழைய ரசிகரும் இருந்திருப்பார், போன வாரம் ரசிகரானவரும் இருந்திருப்பார்.

அதே தடைதான் மற்ற ஊர்களில் சென்னையைத் திட்டுவதற்கும் கைப்பிடியாக இருக்கிறது. நமக்கு மும்பை எப்படியோ, வெளியூர்க்காரர்கள் பலருக்கு நாம் அப்படி. ஃபிக்சிங் அணி, கிழவர் படை என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டங்களை நாம் காதில் வாங்குவதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன்: எவரும் பஞ்சாபை வெறுப்பதில்லை. டெல்லியை வெறுத்து மெனக்கெடுகிறவர் யாரையும் நான் பார்க்கவில்லை. வெறுக்கப்படுவதற்குக் கோப்பை வேண்டும். ஆளுக்கு ஐந்து வைத்திருக்கிற மும்பையும் சென்னையும்தான் அந்தத் தகுதியை எட்டியிருக்கின்றன. 2019 இறுதிப்போட்டியில் கால்முட்டியில் ரத்தம் வழிய வாட்சன் 80 அடித்தும், கடைசிப் பந்தில் மலிங்கா எல்.பி.டபிள்யூ. எடுத்து ஒரே ரன்னில் மும்பை ஜெயித்தது. அந்த இரவு இல்லையென்றால் மும்பை ஆட்டத்துக்கு இன்றைக்கு இத்தனை உப்பும் காரமும் இருக்காது. பகை ஆட்டத்துக்கு நல்லதே செய்கிறது.

அந்தப் பகை வீட்டுக்குள் திரும்பும்போதுதான் சிக்கல். 2024 சீசனுக்கு ரோகித் சர்மாவை இறக்கிவிட்டு ஹர்திக் பாண்டியாவைக் கேப்டனாக்கியது மும்பை. வான்கடேவில், சொந்த மைதானத்தில், டாஸ் போட வந்தவரைச் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். தொகுத்துப் பேசிய சஞ்சய் மஞ்ச்ரேக்கர் ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தை அதட்டவேண்டியிருந்தது. மும்பை அந்த ஆண்டு கடைசி இடம். ஜூன் 29 அன்று பார்படாஸில் உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் கடைசி ஓவரை வீசி இந்தியாவை ஜெயிக்கவைத்தார் அதே ஹர்திக். ஜூலை 4, அதே வான்கடே, அவர் பெயரைச் சொல்லி முழக்கம். அவர் மாறவில்லை. மூன்று மாத இடைவெளியில் கூட்டம்தான் மாறியது.

சேப்பாக்கம் அப்படியெல்லாம் நடந்துகொள்ளாது என்று நமக்கொரு நினைப்பு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுடன் டெஸ்ட். முதுகுவலியோடு சச்சின் 136 எடுத்துக் கொண்டுவந்து நிறுத்திய ஆட்டத்தை, மிச்ச விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, 12 ரன்னில் இந்தியா கோட்டைவிட்டது. ஒரு கணம் அமைதி. பிறகு அரங்கம் எழுந்து நின்று வசீம் அக்ரமின் அணிக்குக் கை தட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள். கிரிக்கெட் தெரிந்த கூட்டம் என்று உலகம் இன்றும் சென்னையைச் சொல்வது அந்த ஒரு மாலைக்காகத்தான். எதிரி ஜெயித்ததற்கு எழுந்து நின்ற அதே அரங்கம்தான் இப்போது நம்மவர் தோற்றுத் திரும்பும்போதும் எழுந்து நிற்கிறது.

இது ஊர்ப்பற்று என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. 2018, 2021, 2023 ஆகிய மூன்று இறுதிப்போட்டிகளிலும் சென்னை அணிக்காக ஆடியவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. 2021-ல் எதிரில் ஆடிய கொல்கத்தாவில் தினேஷ் கார்த்திக்கும் வருண் சக்கரவர்த்தியும் இருந்தார்கள். 2023-ல் குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்தவர் சாய் சுதர்சன், சென்னைப் பையன். சென்னைக்குக் கோப்பை கொடுத்த ஜடேஜா, குஜராத்தின் ஜாம்நகர்க்காரர். ஐ.பி.எல். அப்படித்தான், அதில் தப்பில்லை. ஆனால் ஊர் அபிமானம் என்று மார்தட்டுகிறவர்கள் தமிழ்நாடு அணி ரஞ்சிக் கோப்பை ஆடும்போது எங்கே போகிறார்கள்? இரண்டே முறை வாங்கியிருக்கிறோம், 1954-55, 1987-88. அந்த ஆட்டங்களின்போது எவ்வளவு இருக்கை காலியாகக் கிடக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

ஆகவே நாம் நேசிப்பது ஊரை அல்ல, அணியை என்பதும் சந்தேகம்தான், ஒரு மனிதரை. அவர்மீது கொண்ட அன்பு நியாயமானது, சம்பாதித்தது. 2023-ல் கொல்கத்தாவில்கூட ஈடன் கார்டன்ஸ் மஞ்சளாக மாறியிருந்தது. தனக்கு விடைகொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் போல என்று தோனியே சொன்னார். அடுத்த ஆண்டு லக்னோவில் அவர் இறங்கியபோது, லக்னோ வீரர் டி காக்கின் மனைவி அணிந்திருந்த கைக்கடிகாரம் சத்தம் 95 டெசிபலைத் தொட்டுவிட்டது, காது கெட்டுவிடும் என்று எச்சரித்தது. இப்படியொரு வரவேற்பு இந்திய மைதானங்களில் வேறு யாருக்குக் கிடைத்தது? அதை நான் குறை சொல்லவில்லை.

கணக்குத் தப்புவது வேறு இடத்தில். 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு நம்மை 50 ரன்னில் வென்றது. 2008-க்குப் பிறகு அவர்கள் இங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை. அஸ்வினுக்கும் பின்னால், ஒன்பதாவது ஆளாக இறங்கினார் தோனி. ஆட்டம் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது. 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 30. தலயைப் பார்த்துவிட்டோம் என்ற திருப்தியில் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த சீசனில் சேப்பாக்கத்தில் ஆடிய ஆறில் ஐந்து தோல்வி. 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி. புள்ளிப் பட்டியலில் கடைசி இடம், அணியின் வரலாற்றிலேயே முதல் முறை. ஒரு தனிமனிதரின் வருகையே விழாவாகிவிட்டால், ஜெயிக்கவேண்டிய அவசரம் யாருக்கும் இருப்பதில்லை, கூட்டத்துக்கும் சரி, அணி நிர்வாகத்துக்கும் சரி. ஜெயித்தால் வருகிறவனாவது ஜெயிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறான். எங்கள் நாயகன் வந்தால் போதும் என்கிறவனுக்கு அந்த ஆசைகூட இல்லை.

2025 நவம்பரில் ஜடேஜா ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார், சாம் கரனும் கூடவே. பதிலுக்கு சஞ்சு சாம்சன் மஞ்சளுக்கு வந்தார். செய்தி வந்த அன்று இணையம் முழுக்கக் கண்ணீர். அகமதாபாத் வீடியோ மறுபடி சுற்றியது, தளபதி என்று ஆயிரம் பதிவுகள். அவர் இங்கே ஆடிக்கொண்டிருந்தபோது அதில் பாதி கிடைத்திருந்தால் போதும்.

சேப்பாக்கத்துக்கு டிக்கெட் வாங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். 2008-லிருந்து பார்க்கிறவராக இருங்கள், நேற்று ஜெர்சி வாங்கியவராக இருங்கள், மும்பையை வாய் வலிக்கத் திட்டுங்கள், தோனிக்குத் தொண்டை கிழியக் கத்துங்கள். நம்ம ஆள் ஒருவர் அவுட்டாகும்போது மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.