உறங்கலாம், இரட்டை பேசலாகாது

காணியொன்று கைமாறும்போது நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகள் கையொப்பமிடல் வேண்டும் என்பது நம் நாட்டில் யாவரும் அறிந்த வழக்கம். அச்சாட்சிகள் தம் பெயரை இடுகின்றனரேயன்றிப் பொருளை ஈடாக வைப்பதில்லை. ஆனால், உலகெங்கும் பரந்து கிடக்கும் கணக்கேடு ஒன்றிற்கு இராப்பகலாகச் சாட்சி சொல்லும் பொறிகள் இன்று பல இலட்சக்கணக்கில் உள. முதலிற் பணத்தை ஈடு வைத்த பின்னரே அவை வாய் திறக்கலாம். முன்னுக்குப்பின் முரணாகப் பேசினாலோ, வழக்கும் விசாரணையுமின்றி அவ்வீட்டிலிருந்து தண்டம் கழிக்கப்படும். அத்தகைய பொறியொன்றை ஒரு லினக்ஸ் கணினியில் அமைப்பது எங்ஙனம், அமைத்தபின் அதனைக் காப்பது எங்ஙனம் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

புளொக்செயின் என்னும் பெயரை நேயர்கள் செய்தித்தாள்களிற் கண்டிருப்பர். தொகுதி தொகுதியாக எழுதப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தியதன் முத்திரையைத் தன்னுள் தாங்கி நிற்கும் கணக்கேடே அது. இடையில் ஓரெழுத்தை மாற்றினும் பின்வரும் முத்திரைகள் யாவும் பொருந்தாது போம். இவ்வேடு எந்த வங்கியின் பெட்டகத்திலும் இல்லை; அதன் படிகள் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள. அவ்வாறாயின் அடுத்த தொகுதியை எழுதும் உரிமை யாருக்கு? கடுங்கணக்கொன்றை முதலில் விடுவிப்பவருக்கே என்று விதித்தது, 2009 ஆம் ஆண்டிற் பிறந்த பிட்கொயின். அவ்விதியினால் மின்சாரம் வெள்ளமெனச் செலவாயிற்று. 2015 ஆம் ஆண்டில் தொடங்கிய எதீரியமும் முதலில் அவ்வழியே சென்றது. 2022 ஆம் ஆண்டு செப்தெம்பர் 15 ஆந் திகதி அஃது அவ்வழியைக் கைவிட்டு, ஈடு வைத்த சாட்சிகளை அமர்த்திக்கொண்டது. அன்று அவ்வலையின் மின்செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் வீழ்ந்தது. இச்சாட்சிக்கே வலிடேட்டர் என்று பெயர். அதற்கு வேண்டிய குறைந்த ஈடு 32 ஈதர்.

சாட்சியின் தொழில் யாது? 12 விநாடிக்கு ஒரு தொகுதி என்பது இவ்வேட்டின் தாளகதி. அத்தகைய 32 வேளைகள் சேர்ந்தது ஒரு சுற்று. அதற்கு 6 நிமிடமும் 24 விநாடியும் செல்லும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சாட்சியும், தனக்கென விதிக்கப்பட்ட வேளையில், "இன்ன தொகுதியே சரியானது என்று கண்டேன்" எனக் கையொப்பமிடல் வேண்டும். நாளொன்றுக்கு 225 கையொப்பங்கள். தொகுதியைத் தானே எழுதும் பேறு திருவுளச்சீட்டு முறையில் வரும். 2024 ஆம் ஆண்டில் சாட்சிகளின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியபோது, ஒருவருக்கு அம்முறை நான்கைந்து மாதத்திற்கொருதரம் வாய்த்தாலே பெரிது. ஆகவே இது பெரும்பாலும் கையொப்பமிடும் வேலையே.

இதனை ஒரு முதலீட்டு ஆலோசனையாக எவரும் கொள்ளற்க. ஈதரின் விலை ஒருநாள் மாடியிலும் மறுநாள் படியிலும் நிற்கும் இயல்பினது. இத்தகைய நாணயங்களின் ஆபத்துகளைக் குறித்து இலங்கை மத்திய வங்கி 2021 ஆம் ஆண்டிற் பொதுமக்களை எச்சரித்ததும் உண்டு. கற்க விழைவோர் செல்லவேண்டிய இடம் வேறு. 2025 ஆம் ஆண்டு மார்ச்சில் 'ஹூடி' என்னும் பரீட்சார்த்த வலை தொடங்கப்பெற்றது. அங்கு ஈடு வைக்கப்படும் ஈதர் விலையற்றது. விதிகளோ அசல் வலையின் விதிகளே. நீச்சல் பழகுபவன் முதலிற் குளத்தில் இறங்குவதே முறை.

பொறியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 32 ஜிகாபைட் நினைவகமும், 4 டெராபைட் கொண்ட விரைவான திண்மத் தட்டும் உடைய சிறு கணினி போதும். மலிவான தட்டை வாங்குவோர் பின்னர் வருந்துவர். இவ்வேலையில் முதலில் மூச்சுத் திணறுவது தட்டுத்தான். அதில் லினக்ஸை, குறிப்பாக ஐந்தாண்டுகளுக்குப் பராமரிப்பு உறுதியளிக்கப்பட்ட உபுண்டுப் பதிப்பை, திரையும் சாளரமும் இன்றி நிறுவுதல் வழக்கம். பின்னர்த் தூரத்திலிருந்து உள்நுழைவதற்குக் கடவுச்சொல்லை மூடிவிட்டு, மறைத் திறவுகோல் ஒன்றினால் மட்டும் கதவு திறக்கச் செய்தல் வேண்டும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு அமைத்து, அக்கணக்குகளில் எவரும் உள்நுழைய இயலாதவாறு செய்துவிடல் நன்று. சமையற்காரனிடம் பெட்டகத்தின் சாவியைக் கொடுத்து வைப்பார் யாருமிலரன்றோ?

மென்பொருள்கள் இரண்டு வேண்டும். ஒன்று கொடுக்கல் வாங்கல்களைச் சரிபார்ப்பது. கெத், நெதர்மைண்ட், பேசு, எரிகோன், ரெத் என்பன அவ்வகையின. மற்றது எத்தொகுதி சரியானது என்னும் இணக்கத்தைக் கவனிப்பது. லைட்ஹவுஸ், பிரிஸ்ம், டேக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார் என்பன அவ்வகையின. இரண்டும் ஓர் இரகசியக் குறியைப் பகிர்ந்துகொண்டு ஒன்றோடொன்று பேசும். அவை உரையாடும் 8551 ஆம் எண் வாயிலை வெளியுலகிற்குத் திறக்கலாகாது. ஏனைய கணினிகளோடு பழகுவதற்கு 30303 ஆம் வாயிலையும், லைட்ஹவுஸாயின் 9000 ஆம் வாயிலையும் திறந்துவைத்து, மற்றவை யாவற்றையும் பாதுகாப்பு அரணால் அடைத்துவிடல் வேண்டும். பழைய ஏடுகளை இறக்கிக்கொள்வதற்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் செல்லும். அதுவரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

எந்த மென்பொருளைத் தெரிவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பலர் பயன்படுத்துவதே பத்திரமானது என்பது நம் பொதுப்புத்தி. இங்கு அப்புத்தி செல்லாது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆந் திகதி 'ஹொலஸ்கி' என்னும் பரீட்சார்த்த வலையில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. கெத், நெதர்மைண்ட், பேசு ஆகிய மூன்றிலும் ஈட்டுத்தொகை சேரும் ஒப்பந்தத்தின் முகவரி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. பெரும்பான்மையோர் அவற்றையே பயன்படுத்தினர். ஆதலாற் பெரும்பான்மையோரே பிழையான தொகுதிக்குச் சாட்சி கூறிவிட்டனர். அவ்வலை மீண்டும் நிலைபெற இரு கிழமைகள் சென்றன. சரியாகக் கூறியவரோ அன்று சிறுபான்மையினர்.

அடுத்து, கடிகாரம். வேளைக்கு வேளை கையொப்பமிடும் தொழிலிற் கடிகாரமே கண். லினக்ஸில் 'குரோனி' போன்ற நேரங்காட்டும் மென்பொருளை நிறுவி, அது பல நேர நிலையங்களோடு ஒத்துப் பார்க்கின்றதா என்று கவனித்தல் வேண்டும். இதனை அற்பமென்று எண்ணுவோர் 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'மெடல்லா' என்னும் பரீட்சார்த்த வலைக்கு நேர்ந்ததைக் கேட்டல் தகும். பிரிஸ்ம் மென்பொருள் அக்காலத்தில் ஆறு நேர நிலையங்களின் சராசரியைக் கொண்டு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. அவற்றுள் ஒன்று 24 மணி நேரம் முந்திய காலத்தைக் காட்டிற்று. சராசரி எடுத்தபோது எல்லாப் பொறிகளும் நான்கு மணி நேரம் முந்திவிட்டன. நாளையென்னும் ஒரு நாளிலிருந்து அவை சாட்சி கூறத் தொடங்கின! கடிகாரம் திருந்தியபின், முன்னர்க் கையொப்பமிட்ட வேளைகளுக்கே மறுபடியும் கையொப்பமிட்டுப் பலர் தண்டத்திற்குள்ளாயினர். அவ்வலையிற் புழங்கியது விலையற்ற நாணயமாதலின் எவர் குடியும் கெடவில்லை.

நிற்க. திறவுகோல்களுக்கு வருவோம். ஈடு வைப்பவர் முதலில் 24 சொற்கள் கொண்ட ஒரு வரிசையைப் பெறுவர். இணையத்தோடு தொடர்பற்ற கணினியில் அதனை உண்டாக்கி, தாளில் எழுதி, இரு வேறிடங்களில் வைத்தல் வேண்டும். படமெடுத்துக் கைப்பேசியில் வைப்பது திருடனுக்கு முகவரி எழுதுவதற்கு ஒப்பாகும். அச்சொற்களிலிருந்து பிறக்கும் கையொப்பத் திறவுகோல் மட்டுமே பொறியில் ஏற்றப்படும். அதனைத் திருடியவன் ஈட்டுப் பணத்தை எடுத்தல் இயலாது. ஏனெனில் பணம் திரும்பிச் செல்லும் முகவரி வேறாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒருமுறை குறித்தபின் அம்முகவரியை மாற்றவும் முடியாது. ஆதலின் ஒவ்வோர் எழுத்தாக அதனைச் சரிபார்த்தல் அவசியம். எனினும் திருடன் அத்திறவுகோலால் இரட்டைச் சாட்சி கூறி உடையவனைக் குற்றவாளியாக்கலாம்.

ஈடு கட்டியவுடனே சாட்சியாக அமர்ந்துவிடலும் இயலாது. வரிசை உண்டு, சில வேளை நாட்கணக்கு, சில வேளை வாரக்கணக்கு. வரிசை தீர்ந்து பொறி தொழிலில் இறங்கியபின்னரே உடையவனுக்கு ஓர் அச்சம் பிறக்கும். மின்சாரம் நின்றால் என் செய்வது? இணையம் அறுந்தால் என் செய்வது?

உண்மையில் இவ்வச்சம் அளவிற்கு மீறியது. வராத சாட்சிக்கு விதிக்கப்படும் தண்டம், வந்திருந்தால் அவர் பெற்றிருக்கக்கூடிய ஊதியத்திலும் சற்றுக் குறைவே. ஒரு நாள் வாராதிருந்தால் மறுநாள் வந்து அவ்விழப்பை ஈடு செய்துவிடலாம். வலை முழுவதிலும் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் ஒருங்கே மறைந்தால் மட்டுமே வராதோரின் தண்டம் நாளுக்கு நாள் ஏறும். தனியொருவர் வீட்டில் மின்வெட்டு நேர்ந்தால் அஃது ஒரு பொருட்டன்று.

இரட்டைச் சாட்சிக்கோ நியாயம் வேறு. ஒரே வேளைக்கு இரு வேறு கையொப்பம் இட்டவர் சாட்சிக் குழாத்திலிருந்து நீக்கப்படுவர். பணம் கைக்கு மீள ஏறக்குறைய 36 நாள்கள் செல்லும். முன்னர் அவர் ஈட்டில் 32 இல் ஒரு பங்கு உடனே கழிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு மே மாதத்து மாற்றத்தின்பின் அஃது 4096 இல் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் அதே காலத்திற் பலர் ஒன்றாகத் தவறினால் மேலுமொரு தண்டம் உண்டு. ஈடு முழுவதிலும் மூன்றிலொரு பங்கிற்குரியோர் ஒன்றாகத் தவறினால் அவர்தம் ஈடு முற்றும் போம். தனியாகத் தவறியவன் பெரும்பாலும் கவனமற்றவன், கூட்டமாகத் தவறியவர் சதிகாரராக இருத்தல் கூடும் என்பது இதன் கருத்து.

இங்கேதான் வியப்பொன்று உளது. இரட்டை பேசி அகப்படுவோர் பெரும்பாலும் கயவரல்லர், மிகுந்த முன்னெச்சரிக்கையுடையோரே. வராதிருக்கும் சிறு தண்டத்திற்கு அஞ்சி, அதே திறவுகோலை இரண்டாவது கணினியிலும் ஏற்றி ஆயத்தமாக வைத்திருப்பர். முதற்பொறி பழுதாகும், இரண்டாவதை இயக்குவர். முதற்பொறியில், கணினி எழுந்தவுடன் சாட்சி மென்பொருளும் தானே எழவேண்டும் என்று லினக்ஸின் சேவை நிர்வாகியாகிய 'சிஸ்டம்-டி'க்கு முன்னரே கட்டளையிட்டிருப்பர். பழுது பார்ப்பவர் அப்பொறிக்கு மின்சாரம் கொடுத்த அக்கணமே, அது தன் கடமையை மறவாது கையொப்பமிடத் தொடங்கும். ஒரே குரல் இரு வாயிலிருந்து எழும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில், பிறருக்காகப் பொறிகளை நடத்திய ஒரு நிறுவனத்தின் 75 சாட்சிகள் ஒரே வேளைக்கு இருமுறை கையொப்பமிட்டுத் தண்டம் பெற்றன.

ஆகவே பொறியை மாற்றுபவர் அவசரத்தை விட்டொழித்தல் வேண்டும். முதலிற் பழைய பொறியின் சாட்சிச் சேவையை நிறுத்தி, அது மீண்டும் எழாதவாறு முடக்கிவிடுக. எவ்வெவ் வேளைக்குக் கையொப்பமிட்டேன் என்று அப்பொறி எழுதிவைத்த காப்புக் குறிப்பேட்டைப் படியெடுத்துப் புதியதில் ஏற்றுக. பழையதிலிருந்து திறவுகோலை அழித்துவிடுக. அழித்தபின் அதனை மறுபடி இயக்கி, அது வாய் திறவாதிருப்பதைக் கண்ணாற் காண்க. அதன்பின் மூன்று சுற்றுகளேனும், அஃதாவது இருபது நிமிடமளவு, வாளாவிருந்து புதியதை எழுப்புக. லைட்ஹவுஸ் முதலிய சில மென்பொருள்களில், தன் குரலிற் பேசுவார் வேறெவரேனும் உளரோ என்று சில சுற்றுகள் செவிமடுத்த பின்னரே பேசத் தொடங்கும் ஏற்பாடும் உண்டு. அதனை இயக்கிவைத்தால் மூன்று நான்கு கையொப்பங்களின் ஊதியம் போகும், போகட்டும். பதிவேட்டில் முதற் கையொப்பம் ஏற்கப்பட்ட செய்தி வந்தபின், பழைய பொறியின் தட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் பிள்ளைகளின் பாட வேலைக்குக் கொடுக்கலாம்.